மலையகத்தில் மைதானம் எங்கே அமைவது?

தம் அணிக்கு விளையாட்டரங்கு எங்கே அமைய வேண்டும் என்று உதைபந்தாட்ட இரசிகர்கள் வாதிடுவது உலகெங்கும் காணப்படும் காட்சி. நகரின் நடுவிலா, புறநகரிலா; புகையிரத நிலையத்தின் அருகிலா, நெடுஞ்சாலை ஓரத்திலா; பழைய இடத்தையே விரிப்பதா, புதிய இடம் தேடுவதா என்று அவர்கள் சலியாது பேசுவர். வேலையற்றோரின் வீண் வழக்கு என்று இதனை ஒதுக்கும் அறிஞர்களும் நம்மிடையே உண்டு. ஆனால், ஒரு நாட்டில் நிலம் யாருடையது, ஓய்வு யாருக்குரியது, பொதுப்பணம் யாருக்காகச் செலவிடப்படுகிறது என்னும் மூன்று பெரும் வினாக்களும் இந்தச் சிறு வழக்கினுள்ளே அடங்கிக் கிடக்கின்றன. இதனை வேறெந்த இடத்தைக் காட்டிலும் தெளிவாகக் காட்டுவது இலங்கையின் மலையகமே.

ஹட்டனுக்கு மேற்கே மலை இறங்கும் திசையில் உள்ள பொல்பிட்டியவை எடுத்துக்கொள்வோம். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கை என்று பெயர் பெறுவது இவ்வூரை அண்டிய பகுதியிலேதான். மேலே தேயிலைத் தோட்டங்கள். கீழே சிங்களக் கிராமங்கள். நடுவே நீர்மின் நிலையம். இத்தகைய ஊரில் உதைபந்தாடும் இளைஞர் பதினொருவர் கூடினால், அவர்கள் முன் எழும் முதல் வினா, அரங்கில் எத்தனை இருக்கைகள் வேண்டும் என்பதன்று. பந்து உருண்டு பள்ளத்தில் விழாத சமதரை எங்கே உண்டு என்பதே அவ்வினா. அந்தச் சமதரை எங்கே போயிற்று என்று கேட்கத் தொடங்கினால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை நாம் புரட்டியாக வேண்டும்.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், உறுதி காட்டி உரிமையை நிலைநாட்ட முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குச் சொந்தமென்று கொள்ள வழிசெய்தது. தலைமுறை தலைமுறையாக அனுபவித்த நிலத்துக்குக் கண்டிய விவசாயி எங்கே உறுதி காட்டுவான்? அக்காலத்தில் ஏக்கர் ஐந்து ஷில்லிங் வீதமும் நிலம் விற்கப்பட்டது. வாங்கியோருள் ஆங்கில வணிகர் இருந்தனர். ஆட்சியில் இருந்த அதிகாரிகளே இருந்தனர். கோப்பிப் பயிர் மலைகளை விழுங்கிற்று. 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் தோன்றிப் பரவியது. சில பத்தாண்டுகளில் அப்பயிர் அழிந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1884இல் புகையிரதம் ஹட்டனை எட்டியது. அடுத்த ஆண்டில் நானுஓயாவை அடைந்தது. தமிழகத்திலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்கள் இம்மலைகளில் ஏறி, காட்டை வெட்டி, கானை வெட்டி, பாதை வெட்டி, செடி நட்டனர்.

இங்ஙனம் மலைச்சரிவு முழுவதும் தேயிலைக்குப் போயிற்று. எஞ்சிய சமதரை எவ்வாறு பங்கிடப்பட்டது? ஒரு தோட்டத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினாலே விடை கிடைக்கும். காட்சி நன்றாகத் தெரியும் மேட்டிலே துரையின் பங்களா, அதைச் சுற்றிப் புற்றரை. தண்ணீரும் பாதையும் கூடும் இடத்திலே தொழிற்சாலை. வேறெதற்கும் உதவாத ஒடுங்கிய தட்டிலே தொழிலாளரின் லயங்கள். துரைமாருக்கு விளையாட்டுத் தேவைப்பட்டபோது, மலைநாட்டில் அரிதினும் அரிதான பரந்த சமநிலங்கள் அவர்களுடைய கழகங்களுக்குக் கிடைத்தன. டிக்கோயாப் பக்கத்தில் தரவளையிலும், திம்புள்ளப் பக்கத்தில் ரதல்லவிலும் தோட்டத் துரைமாரின் கழகங்கள் கிரிக்கெட்டும் றக்பியும் ஆடின. நுவரெலியாவின் நடுப்பள்ளத்தில் 1875இல் குதிரைப் பந்தயத் திடல் எழுந்தது. 1889இல் கோல்ஃப் கழகம் தோன்றியது. குதிரை ஓடுவதற்கும் சிறு வெண்பந்து உருள்வதற்கும் இடம் இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகன் ஓடுவதற்குத்தான் இடம் இருக்கவில்லை.

தொழிலாளிக்குச் சமதரையே இருக்கவில்லையா எனின், இரண்டு இருந்தன. ஒன்று பெரட்டுக்களம். விடியுமுன் பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்து, மலைக்கு அனுப்பும் இடம் அது. படையினரின் அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே தொழிலாளரின் நாவில் பெரட்டு ஆயிற்று. தோட்டம் எத்தகைய ஒழுங்கில் நடத்தப்பட்டது என்பதை இந்த ஒரு சொல்லே உணர்த்தும். மற்றொன்று காமன் பொட்டல். மாசி மாதத்திலே காமன் கூத்து ஆடும் வெளி அது. ரதியும் மதனும் தப்பின் ஓசைக்கு ஆடுவதைக் காணத் தோட்டமே அங்குத் திரளும். முன்னது துரையின் களம். பின்னது மக்களின் களம். மலையகத்துப் பிள்ளைகள் பழந்துணியைச் சுற்றிக் கட்டிய பந்தை உதைத்துப் பழகியது இவ்விரு களங்களிலும் கோயில் முற்றங்களிலும்தான். கணக்கப்பிள்ளையின் அதட்டல் கேட்டால் முன்னதில் ஆட்டம் நிற்கும். காமன் பொட்டலில் மட்டும் அது பொழுது சாயும் வரை நடக்கும்.

மைதானம் என்பது பந்துக்கு மட்டும் உரிய இடமன்று என்பதை ஈண்டு நாம் நினைவுகூர வேண்டும். மக்கள் கூடுவதற்குரிய இடம் எதுவோ அதுவே மக்கள் பேசுவதற்குரிய இடமும் ஆகும். தோட்டத்துரைமார் இதனை நன்கு அறிந்திருந்தனர். தோட்டம் தனியார் சொத்து; அனுமதியின்றி நுழைவது குற்றம் என்னும் விதி, தொழிற்சங்கவாதிகளைத் தோட்ட எல்லைக்கு வெளியே நிறுத்துவதற்குப் பயன்பட்டது. 1931இல் ஹட்டனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து, 1936இல் அத்தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குச் சென்ற கோ. நடேசய்யர் இத்தடைகளை மீறியே பணியாற்ற வேண்டியிருந்தது. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்திலே, தோட்டத்தில் தொழில் பழக வந்த அவுஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டில் தொழிலாளரின் பக்கம் நின்று பேசினார். ஆளுநர் அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் அக்கட்டளை செல்லாதென்று தீர்த்தது. அவர் பேசியது தோட்டத்தில் அன்று, நகரில் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். தம் துயரைத் தம் ஊரில் நின்று பேச இடமின்றி, தொழிலாளர் மலையிறங்கி நகருக்கு வந்தே கேட்க வேண்டியிருந்தது. ஹட்டன் டன்பார் மைதானம் உதைபந்தாட்டப் போட்டிகளுக்கும் மேதினக் கூட்டங்களுக்கும் ஒருங்கே பெயர் பெற்றது தற்செயல் அன்று. இரண்டுக்கும் வேண்டியது ஒன்றே. ஆயிரம் பேர் அச்சமின்றி நிற்கக்கூடிய திறந்த வெளி.

நாடு சுதந்திரம் பெற்ற பின்னர் நிலை மாறியதா? 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதே காலத்தில் மின்சாரம் என்னும் புதிய தேவை எழுந்தது. பொறியியலாளர் விமலசுரேந்திரவின் நெடுநாட்கனவு 1950இல் லக்ஷபானவில் நிறைவேறத் தொடங்கியது. 1965இல் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம் அமைந்தது. 1969இல் மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தது. அவ்வாண்டிலேயே 75 மெகாவாட் ஆற்றல் கொண்ட பொல்பிட்டிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. இரு பள்ளத்தாக்குகளின் நீரும் படிப்படியாகப் பல நிலையங்களின் சுழலிகளைச் சுழற்றிவிட்டு, பின்னர் வந்து வேலை செய்வது பொல்பிட்டியவிலேதான்.

மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. அதனை மறுப்பார் யாருமிலர். ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நீர்த்தேக்கம் தேடுவது பள்ளத்தாக்கின் அகன்ற அடித்தளத்தை. மலைநாட்டில் சமதரை கிடைப்பதும் அங்கேதான். பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலை நீரில் மூழ்கிற்று. மேட்டிலே புது நகரம் எழுந்தது. கடும் வரட்சிக் காலங்களில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றினின்றும் தலைகாட்டுகின்றன. மூன்று மதத்தாரும் அடுத்தடுத்து வழிபட்டு, ஒரே கடைத்தெருவில் நடந்து வாழ்ந்த ஊர் அது என்பதற்கு அவ்விடிபாடுகளே சான்று. துரைமாரின் பங்களாக்கள் இருந்த மேடுகளை நீர் தீண்டவில்லை. இந்நீரால் பிறந்த மின்சாரம் கொழும்பின் வீதிகளை ஒளிரச் செய்த காலத்தில், அந்நீரைச் சூழ்ந்த லயங்களிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

அதே ஆண்டுகளில் இன்னொரு கணக்கும் போடப்பட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. 1,50,000 பேரின் விதி பின்னர் பேசித் தீர்ப்பதற்கு. பதினொருவர் கொண்ட ஓர் உதைபந்தாட்ட அணியை இவ்விகிதத்தில் வகுத்தால், ஏறக்குறைய அறுவர் கப்பலேற வேண்டியவர். மூவர் இருக்கலாம். எஞ்சிய இருவருக்கும் எந்த நாடு என்றே தெரியாது. இத்தகைய மக்களிடம் சென்று உங்கள் அணிக்கு அரங்கு எங்கே வேண்டும் என்று அன்று எவர் கேட்டிருப்பார்?

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பெனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டின் திருத்தமும் வந்தபோது முற்போக்காளர் பலர் மகிழ்ந்தனர். நிலம் கம்பெனியிடமிருந்து அரசுக்கு மாறியது மெய். ஆனால் அதில் உழைத்தோரின் கைக்கு அது வரவில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகைகள் எழுதப்பட்டன. அக்குத்தகைகள் 2045 வரை செல்லும். ஆயினும் நிலத்தின் உடைமை இன்றும் அரசுக்கே உரியது. இதனை ஆசிரியரும் மாணவரும் மறவாதிருத்தல் வேண்டும். தோட்டத்தில் ஒரு மைதானம் கேட்பது கம்பெனியின் பெருந்தன்மையை யாசிப்பது அன்று. பொதுச்சொத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கே கேட்பதாகும்.

சட்டம் இன்னொரு வேலியும் இட்டிருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அவ்வுறுப்பினர் உங்கள் லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் கொட்டுவதற்கே சட்டம் இடங்கொடாது! கிராமத்துப் பிள்ளைக்குப் பிரதேச சபை மைதானம் அமைக்கலாம்; வேலிக்கு அப்பால் நிற்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு அமைக்க முடியாது. 2018இலே அச்சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு முதல் அம்பகமுவவிலிருந்து பிரிந்த நோர்வூட், மஸ்கெலியாப் பிரதேச சபைகளும் இயங்கலாயின. ஆகவே, மைதானம் எங்கே அமைவது என்னும் வினாவை மலையக மக்கள் தம் உள்ளூராட்சியிடம் முறைப்படி கேட்கக்கூடிய காலம் வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. அவ்வினாவை இனிமேல்தான் முழுமையாகக் கேட்கப் போகிறோம். ஆதலின் பிறர் அதனை எவ்வாறு கேட்டனர், என்ன விடை பெற்றனர் என்று அறிவது நமக்குப் பயன் தரும்.

முதலில் பிரேசில். 1950ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டிக்கு ரியோ டி ஜெனீரோ நகரில் பேரரங்கு ஒன்று வேண்டியிருந்தது. அது எங்கே அமைவதென்பது 1947இல் நகரசபையிலும் பத்திரிகைகளிலும் பெரும் வாதமாயிற்று. கார்லோஸ் லசெர்தா என்னும் நகரசபை உறுப்பினர் அதனைத் தொலைவிலுள்ள ஜக்கரெபகுவாவிற்குத் தள்ள விரும்பினார். விளையாட்டுப் பத்திரிகையாளர் மாரியோ ஃபில்யோ, மக்கள் எளிதில் வந்து சேரக்கூடிய மரக்கானாவிலேயே அமைய வேண்டுமென்று தம் ஏட்டின் வழியே விடாது வாதிட்டார். முடிவில் மரக்கானா வென்றது. அந்த நிலம் முன்பு யாருடையது தெரியுமா? குதிரைப் பந்தயக் கழகத்துடையது! செல்வரின் குதிரைகள் ஓடிய தரையிலே, 1950 ஜூலை 16ஆம் நாள், ஏறக்குறைய இரண்டு இலட்சம் மக்கள் கூடினர். உருகுவே வென்றது, பிரேசில் அழுதது. ஆயினும் அரங்கு மக்களுடையதாயிற்று.

கதை அதனுடன் முடியவில்லை. ஏழைகள் குறைந்த காசுக்கு நின்றுகொண்டே ஆட்டம் பார்த்த அடித்தட்டு 2005இல் ஒழிக்கப்பட்டது. இடத்தை வென்றெடுத்தவர்கள் பின்னொரு நாள் நுழைவுக் கட்டணத்தால் வெளியே நிறுத்தப்பட்டனர். எனவே, எங்கே என்னும் வினாவோடு எவ்வளவுக்கு என்னும் வினாவையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது பிரேசில் தரும் பாடம்.

அடுத்தது கல்கத்தா. 1911 ஜூலை 29ஆம் நாள், பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய மோகன் பகான் அணியினர் கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2க்கு 1 என வென்றது, அடிமை நாட்டின் நெஞ்சை நிமிரச் செய்த நிகழ்ச்சி. அந்நகரத்து உதைபந்தாட்டத்தின் உயிர்நிலை மைதான் என்னும் பெருவெளி. அவ்வெளியோ இராணுவத்தின் கையில் இருந்தது. வெள்ளையர் சென்ற பின்னரும் அங்கு நிரந்தரக் கட்டிடம் எழுப்ப எளிதில் இசைவு கிடைக்கவில்லை. அரங்கு வேண்டும், அரங்கு வேண்டும் என்று இரசிகர்கள் பத்தாண்டு பத்தாண்டாகக் கேட்டனர். 1980 ஆகஸ்ட் 16ஆம் நாள், கிரிக்கெட்டுக்கு உரிய ஈடன் தோட்டத்தில் நடந்த ஆட்டத்தின்போது ஏற்பட்ட கலவர நெரிசலில் 16 இரசிகர்கள் உயிரிழந்தனர். 1984இல் நகரின் கிழக்கே உப்பேரிப் பகுதியில் 1,20,000 பேர் அமரக்கூடிய மாபெரும் அரங்கு திறக்கப்பட்டது. மைதானிலிருந்து அது தொலைவில் இருந்தது. நகர இரயில் அந்த அரங்கை எட்டியது 2020இலேதான். கூடும் மக்கள் வந்துசேரும் வழியையும் உடன் எண்ணாமல் இடத்தைத் தெரிவு செய்தால், அக்குறையைச் சரிசெய்ய ஒரு தலைமுறை போதாது.

மூன்றாவது, நம் நாட்டிலேயே சூரியவெவ. அம்பாந்தோட்டை மாவட்டத்தின் அவ்வூரில் 35,000 பேர் அமரும் கிரிக்கெட் அரங்கு 2011 உலகக் கிண்ணத்துக்காகக் கட்டப்பட்டது. ஆண்ட தலைவரின் பெயரும் அவருடைய மாவட்டமும் அதற்கு வாய்த்தன. பெருந்திரளான பார்வையாளர்தாம் வாய்க்கவில்லை. ஆட்டங்கள் அரிதாகவே அங்கு நிகழ்ந்துள்ளன. யாருக்காகக் கட்டுகிறோமோ அவர்களைக் கேளாமல், யாருடைய புகழுக்காகக் கட்டுகிறோம் என்பதை மட்டும் எண்ணினால் கற்சிலைபோல் ஓர் அரங்கு நிற்கும்.

இம்மூன்று பாடங்களையும் மனத்திற் கொண்டு மலையகத்துக்குத் திரும்புவோம். இங்கே மூன்று கட்சிகள் உண்டு.

முதற் கட்சியார் நுவரெலியாவைச் சுட்டுவர். உயரமான குளிர்நிலத்தில் பயிற்சி பெறுவது நுரையீரலுக்கும் குருதிக்கும் வலு தரும். நாட்டின் வீரர் எல்லோருக்கும் பயன்படும் என்பது அவர்கள் வாதம். குதிரைப் பந்தயத் திடலிலே விளையாட்டுத் தொகுதி அமைக்கும் திட்டம் இந்நூற்றாண்டில் எழுந்ததும், பந்தய விரும்பிகள் அதனை எதிர்த்ததும் நாம் அறிந்தவை. செல்வரின் பந்தயத்துக்கு ஒதுங்கிய தரை இளைஞரின் ஓட்டத்துக்கு வருமாயின் அதனை நாம் வரவேற்கவே வேண்டும். மரக்கானாவின் கதையும் அதுதானே. ஆனால் அது நாட்டின் தேவைக்கு விடையாகுமேயன்றி, பொல்பிட்டியவிலும் பொகவந்தலாவையிலும் மாலைப் பொழுதில் பந்துடன் நிற்கும் பிள்ளையின் தேவைக்கு விடையாகாது.

இரண்டாம் கட்சியார் ஹட்டன் அல்லது நோர்வூட் என்பர். புகையிரதமும் பஸ் வண்டியும் கூடுமிடம் ஹட்டன். டன்பார் மைதானமும் அங்கே உண்டு. நோர்வூட்டில் தொண்டமான் பெயரிலுள்ள மைதானம் அண்மைக் கால வரலாற்றில் இடம் பெற்றது. 2017 மே 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்கள் முன் பேசியது நோர்வூட்டிலேதான். 2020 மே மாத இறுதியில் அமைச்சர் ஆறுமுகன் தொண்டமானின் இறுதிக் கிரியைகள் நடந்ததும் அவ்வூர் மைதானத்திலேதான். வரவேற்பும் பிரியாவிடையும் மைதானத்திலே நடப்பது, இம்மக்களுக்கு வேறு பொதுமன்றம் இல்லை என்பதையே காட்டும். ஆதலின், இந்நகரங்களிலே நல்ல புல்தரையும் மழைக்கு ஒதுங்கக் கூரையும் பெண்களுக்குத் தனிக் கழிப்பிடமும் கொண்ட அரங்கு ஒன்று அமைதல் நியாயமே. பிரதேச அணிகள் மோதும் இறுதியாட்டங்களுக்கு அது வேண்டும்.

மூன்றாம் கட்சியார் கேட்பது எளிது: அரங்கு பின்னர் ஆகட்டும், தோட்டந்தோறும் ஒரு சிறு மைதானம் முதலில் தாருங்கள் என்பது. நாம் இக்கட்சியையே சார்கிறோம். காரணங்கள் பல.

2021 மார்ச்சிலேதான் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாவென்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதற்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. தொலைத் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்குப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் குடும்பம் பஸ் கட்டணத்தை அந்தக் கூலியிலிருந்தே கிள்ள வேண்டும். கிழமையில் இருமுறை, மும்முறை அனுப்ப எத்தனை குடும்பங்களால் இயலும்? நடந்து சேரும் தூரத்தில் இல்லாத மைதானம் ஏழைக்கு இல்லாத மைதானமே. பெண்பிள்ளைகளை எண்ணினால் இது இன்னும் உறைக்கும். பாடசாலை விட்டு வந்து தண்ணீர் சுமந்து தம்பியைப் பார்த்துக்கொள்ளும் சிறுமிக்கு ஓய்வென்று வாய்ப்பது அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தில் எட்டக்கூடிய இடத்திலே தரை இருந்தால்தான் அவளும் பந்தைத் தொடுவாள். ஊரார் கண்முன் அமைந்த திடலிலே தாயும் அச்சமின்றி அவளை விடுவாள்.

திறமை இல்லாத மக்களா இவர்கள்? முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். பேரன் 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் என்னும் எல்லையை எட்டி ஓய்ந்தார். குடும்பம் கண்டியில் வணிகத்தில் காலூன்றியமையால் புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானம் அவருக்கு வாய்த்தது. லயத்தில் தங்கிவிட்ட குடும்பங்களின் பேரர்களுக்கு அத்தகைய தரை வாய்க்கவில்லை. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசு கையேற்கும் வரை பெரும்பாலும் ஓரறை, ஓராசிரியர் பள்ளிகளாகவே கிடந்தன. கையேற்ற பின்னரும் சுற்றிலும் தேயிலை நெருக்கி நிற்கும் பாடசாலைகள் பல. உடற்பயிற்சிப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க நேரும் ஆசிரியரின் வேதனையை நம் வாசகருள் பலர் அறிவர்.

எதிர்வாதங்களையும் நேர்மையாக எடை போடுவோம். தேயிலை நாட்டின் செல்வம். அதனைப் பிடுங்கி மைதானம் போடுவதா என்பர் சிலர். சர்வதேச அளவிலான உதைபந்தாட்டத் திடலின் நீளம் 105 மீற்றர். அகலம் 68 மீற்றர். பரப்பு 7,140 சதுர மீற்றர். அதாவது ஒன்றேமுக்கால் ஏக்கர். சுற்றிலும் சிறிது இடம் விட்டாலும் இரண்டரை ஏக்கருக்குள் அடங்கும். சிறுவர் திடலுக்கு அதில் பாதியும் வேண்டாம். பல நூறு ஏக்கர் கொண்ட தோட்டத்துக்கு இது ஒரு பொருட்டன்று.

இதனினும் வலுவான வாதம் ஒன்று உண்டு. வீடு கட்ட ஏழு பேர்ச் நிலமே இழுபறியாக இருக்கும்போது மைதானம் ஓர் ஆடம்பரமன்றோ? ஒன்றேமுக்கால் ஏக்கர் என்பது 280 பேர்ச். ஏழு பேர்ச் வீதம் பங்கிட்டால் நாற்பது குடும்பங்களுக்கு வீட்டு நிலம்! இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதனைக் கேட்பவர் ஒன்றை மறைக்கிறார். மக்களுக்கென்று விடப்பட்டது அந்த 280 பேர்ச் மட்டுமே என்பது போலவும், வீடா மைதானமா என்று ஏழைகள் தமக்குள்ளே அடித்துக்கொள்ள வேண்டும் என்பது போலவும் அவர் பேசுகிறார். கைவிடப்பட்ட, பயிரேறாத தோட்ட நிலங்கள் கணக்கில் வராமல் கிடக்க, இருக்கும் துண்டுக்குள்ளே சண்டை மூட்டுவது பழைய தந்திரம். வீட்டுத்திட்டம் வரையும்போதே மைதானத்தையும் அதில் வரைய வேண்டும். கோயிலும் பாடசாலையும் இல்லாமல் ஊர் இல்லை என்பதுபோல், ஒரு வெளியும் இல்லாமல் ஊர் இல்லை. லயம் ஊராக மாற வேண்டுமாயின் அதற்கொரு பொட்டல் வேண்டும்.

மூன்றாவது எச்சரிக்கை இயற்கையினுடையது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையும் மக்களையும் புதைத்தது. ஆதலின் செங்குத்துச் சரிவை இயந்திரம் கொண்டு வெட்டித் திடலாக்கும் வேலை ஆகாது. இருக்கும் சமதரையிலேதான் மைதானம் அமைய வேண்டும். அவ்வாறாயின், சமதரை இன்று எவர் கையில் உள்ளதோ அவரிடமே போய் நிற்க வேண்டும். பழைய கழகத் திடல்களின் வாயில்கள் தோட்டப் பிள்ளைகளுக்கும் திறக்கட்டும். பயன்பாடற்ற தொழிற்சாலை முற்றங்களும் பெரட்டுக்களங்களும் மைதானமாகட்டும். பெயர் கூப்பிட்டு வேலைக்கு விரட்டிய களத்திலே பிள்ளைகள் தாமே அணி பிரித்து ஆடுவது நியாயமான மாற்றம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பொல்பிட்டிய போன்ற இடங்களில் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையும் கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் ஒரே பாதையில் நடக்கின்றனர். 1840இன் சட்டம் சிங்கள விவசாயியின் சேனையைப் பறித்தது. அந்நிலத்திலே தமிழ்த் தொழிலாளியின் உழைப்பைப் பறித்தார்கள். பறித்த கை ஒன்றே. ஆனால் இருவரையும் ஒருவர்மீதொருவர் ஐயங்கொள்ளச் செய்தே ஆண்டவர்கள் காலம் கழித்தனர். தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் எல்லையான இடத்திலே ஒரு பொது மைதானம் அமையுமாயின், இரு பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடக்கூடும். மூழ்கிய மஸ்கெலியாவில் மூன்று மதத்தாரும் ஒரு கடைத்தெருவைப் பகிர்ந்தது போல, இவர்களும் ஒரு தரையைப் பகிரட்டும்.

எனவே மைதானம் எங்கே அமைவது என்னும் வாதத்தை நாம் வளர்க்கவே வேண்டும், அடக்கக் கூடாது. அவ்வாதம் கொழும்பின் அமைச்சகத்திலும் கம்பெனியின் கந்தோரிலும் மட்டும் நடந்து முடிந்துவிடலாகாது. ஆசிரியர்கள் தம் வகுப்பிலே ஊரின் படத்தை வரையச் செய்யட்டும். சமதரை எங்கே இருக்கிறது, அது யார் வசம் இருக்கிறது என்று மாணவர் குறிக்கட்டும். அப்படத்தை எடுத்துக்கொண்டு பிரதேச சபைக்குப் போகட்டும். தாய்மாரையும் சிறுமியரையும் கேட்டு, எவ்விடம் நடந்து எட்டும் என்று எழுதட்டும். 2018 வரை சட்டமே மூடி வைத்திருந்த கதவு அது. திறந்த கதவின் வழியே நுழைந்து கேட்பாரில்லையாயின் அது மறுபடியும் துருப்பிடிக்கும்.